நான்கு உள்ளங்கை ரப்பர்

டயரின் வரிப்பள்ளத்துக்குள் விரல் விட்டுத் தடவிப் பார்த்தால் குறுக்கே சின்னச் சின்னத் திட்டுகள் தட்டுப்படும். அவற்றின் உயரம் 1.6 மில்லிமீட்டர். சின்னக் காருக்கான புது டயரில் பள்ளத்தின் ஆழம் ஏழிலிருந்து எட்டு மில்லிமீட்டர் இருக்கும். ஓடி ஓடி மேற்பரப்பு அந்தத் திட்டோடு சமமாகிவிட்டால் டயரை மாற்றியாக வேண்டும். பல நாடுகளில் சட்டமும் அந்த 1.6-ல்தான் கோடு கிழித்திருக்கிறது.

என்னைத் தொந்தரவு செய்வது 1.7. அதாவது 1.6-ல் ஓட்டினால் தவறு, 1.7-ல் ஓட்டினால் தவறில்லை என்கிற அந்த நிம்மதி. அப்படியானால் இரண்டு? இரண்டரை? கிரேக்கத்தில் யூபுலிடீஸ் பெயரில் வழங்கும் பழைய புதிர் ஒன்று உண்டு. மணல் குவியலிலிருந்து ஒரு மணலை எடுத்தால் அது இன்னும் குவியல்தான். இன்னொன்றை எடுத்தாலும் குவியல்தான். இப்படியே எடுத்துக்கொண்டே போனால் எந்த மணலை எடுக்கும்போது குவியல் இல்லாமல் போகிறது? தத்துவ வகுப்பில் இது விளையாட்டு. டயரில் விளையாட்டு இல்லை. ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போய் வரும்போது கண்ணுக்குத் தெரியாத அளவு ரப்பர் ரோட்டில் ஒட்டிக்கொண்டு போகிறது. நேற்று நல்ல டயராக இருந்தது இன்று கெட்ட டயராக ஆன நாள் என்று எதையும் காட்ட முடியாது. நாள் காட்ட முடியாததால் யாரும் அந்த நாளில் கடைக்குப் போவதும் இல்லை.

ரப்பருக்கு 1.6 என்று ஒன்று தெரியாது. ஈரச் சாலையில் பிடிப்பு அதற்கு ரொம்ப முன்னாலேயே குறையத் தொடங்கிவிடுகிறது. பள்ளம் இருப்பதே தண்ணீரை ஒதுக்கத்தான். பள்ளம் குறையக் குறைய ஒதுக்கும் தண்ணீரும் குறையும். சட்டம் எங்காவது ஒரு கோடு போட்டுத்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் சாலைத் தடுப்பில் நிற்கும் அதிகாரியும் ஓட்டுநரும் விடியும்வரை வாதம் செய்வார்கள். ஆனால் அந்தக் கோட்டை நம் மனசாட்சியின் கோடாகவும் எடுத்துக்கொண்டுவிடுகிறோம். 'இன்னும் கோட்டுக்கு மேலதானே இருக்கு' என்று சொல்லும்போது யோசிக்கிற வேலையை அரசாங்கத்திடம் கொடுத்துவிட்டோம்.

கொடுத்தாலும் நம் அரசாங்கம் அதை வாங்கிக்கொள்வதில்லை. சிங்கப்பூரில் மூன்று வயது தாண்டிய கார் இரண்டாண்டுக்கு ஒருமுறை ஆய்வுக்குப் போக வேண்டும், பத்து வயதுக்கு மேல் ஆண்டுதோறும். மலேசியாவில் தனியார் காருக்கு அப்படிக் கட்டாய ஆண்டாய்வு கிடையாது. பெயர் மாற்றம் மாதிரி சில வேளைகளில்தான் யாராவது டயரைக் குனிந்து பார்ப்பார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் அரசு பார்த்துக்கொள்ளும் விஷயத்தை இந்தப் பக்கம் நாமே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அறக்கேள்வி எழுவதற்கு இதைவிடத் தோதான நாடு கிடைக்காது.

ஒரு சொல்லைப் பற்றி இடையில் சொல்லிவிடுகிறேன். டயரின் வரிகளை மலாயில் 'பூங்கா' என்கிறார்கள், பூ என்று அர்த்தம். நம் ஆட்களும் 'டயர்ல பூங்கா இருக்கா பாரு' என்றுதான் கேட்கிறார்கள். பூங்கா போனால் 'போத்தாக்', மொட்டை. தமிழ்க் காதுக்கு ஒரு தோட்டமே வறண்டு போனது மாதிரிக் கேட்கும். அழகான சொல்தான். ஆனால் அழகைக் குறிக்கும் சொல் என்பதாலோ என்னவோ, வெறும் கண்ணால் பார்த்து முடிவு செய்துவிடலாம் என்கிற எண்ணத்தையும் அது தந்துவிடுகிறது.

கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம். ஆக்சியா மாதிரி ஒரு கார், ஆட்களோடு சேர்த்து ஆயிரம் கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு சக்கரத்துக்கு 250 கிலோ. டயரின் காற்றழுத்தம் 230 கிலோபாஸ்கல் என்றால், டயர் சாலையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ நூறு சதுர சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வரும். ஓர் உள்ளங்கை. நான்கு சக்கரத்துக்கு நான்கு உள்ளங்கை. காற்றுப்பை, பிரேக் தொழில்நுட்பம், நிலைத்தன்மைக் கட்டுப்பாடு என்று விளம்பரத்தில் வரும் எல்லாமே கடைசியில் இந்த நான்கு உள்ளங்கை வழியாகத்தான் சாலையோடு பேச முடியும்.

இன்னொரு கணக்கு, இதைப் போட்ட அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. இரண்டு கார்கள் 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரே இடத்தில் பிரேக் பிடிக்கின்றன. ஒன்றில் நல்ல டயர். இன்னொன்றில் பிடிப்பு முப்பது விழுக்காடு குறைந்த டயர். முதல் கார் முழுசாக நின்றுவிட்ட இடத்தைக் கடக்கும்போது இரண்டாவது கார் இன்னும் எவ்வளவு வேகத்தில் இருக்கும்? பலர் 'பத்து, இருபது இருக்கும்' என்பார்கள். விடை, ஏறத்தாழ 44. வேகத்தின் இருமடிப் பெருக்கம் செய்கிற வேலை இது. பிடிப்பு முப்பது விழுக்காடு குறைந்ததற்கு, மோதும் வேகம் பூஜ்யத்திலிருந்து 44-க்குப் போய்விடுகிறது. அந்த இடத்தில் யார் நிற்கிறார்கள்? நம் நாட்டில் சாலையில் இறப்பவர்களில் அறுபது விழுக்காட்டுக்கும் மேல் மோட்டார் சைக்கிள்காரர்கள். மழைக்கு மேம்பாலத்துக்கு அடியில் ஒதுங்கும் அந்தக் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

டயர் கடையில் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி விலை. இரண்டாவது, 'எத்தனை கிலோமீட்டர் ஓடும்?' மழையில் எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்று ஒருவர் கேட்டு நான் பார்த்ததில்லை. டயர் செய்பவர்களுக்கு ஒரு பழைய தலைவலி இருக்கிறது. நீண்ட நாள் உழைப்பு, ஈரத்தில் பிடிப்பு, எண்ணெய்ச் சிக்கனம் ஆகிய மூன்றையும் ஒன்றாகக் கூட்டுவது கஷ்டம். ஒன்றை இழுத்தால் இன்னொன்று சுருங்கும். சிலிகா சேர்க்கத் தொடங்கிய பிறகு நிலைமை கொஞ்சம் தேவலாம், ஆனால் இழுபறி முழுசாகத் தீரவில்லை. டயரின் பக்கவாட்டில் அமெரிக்க முறைப்படி அச்சிட்டிருக்கும் தரக்குறியீட்டில் முதலில் வருவது தேய்மான எண். 300, 400 என்று இருக்கும், எண் கூடினால் அதிக நாள் உழைக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2012-ல் கட்டாயமாக்கிய ஒட்டுச்சீட்டில் எண்ணெய்ச் சிக்கனம், ஈரப்பிடிப்பு, இரைச்சல் என மூன்று தகவல் வந்தன. எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பது அதில் இல்லை.

இந்த வேறுபாடு எனக்கு முக்கியமாகப் படுகிறது. நீண்ட நாள் உழைக்கும் டயரால் லாபம் எனக்கு மட்டும். எண்ணெய் மிச்சமும் பெரும்பாலும் எனக்கு. ஈரத்தில் பிடிக்கும் டயரால் லாபம் எனக்கும் உண்டு, எனக்கு முன்னால் போகிறவருக்கும் உண்டு, சாலையைக் கடக்கும் முகம் தெரியாத ஒருவருக்கும் உண்டு. காசு கொடுப்பது நான் மட்டும். என் பணத்தில் ஒரு பகுதியை எடுத்து, யாரென்றே தெரியாத ஒருவருக்காக, அவருக்குத் தெரியாமலே செலவு செய்கிறேன். அவர் நன்றி சொல்லப் போவதில்லை. நான் அந்தச் செலவைச் செய்யாமல் விட்டால் திட்டப் போவதும் இல்லை, ஏதாவது நடந்தாலொழிய.

ஏதாவது நடந்தாலொழிய என்பதில்தான் சிக்கலே இருக்கிறது. வில்லியம் கிளிஃபர்ட் என்ற ஆங்கிலேயக் கணிதவியலாளர் 1877-ல் நம்பிக்கையின் அறம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். முப்பத்து மூன்று வயதிலேயே இறந்துபோனவர். ஒரு கப்பல் முதலாளியை வைத்துத் தொடங்குவார். கப்பல் பழசு. பழுது பார்க்க வேண்டுமோ என்று முதலாளிக்குச் சந்தேகம் வருகிறது. செலவாகுமே என்பதால் சந்தேகத்தை அமுக்கிவிட்டு, இத்தனை புயலைத் தாண்டிய கப்பல் இதையும் தாண்டும் என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொள்கிறார். முழுமனசோடு நம்பியும் விடுகிறார். குடிபெயரும் ஏழைக் குடும்பங்களை ஏற்றி அனுப்புகிறார். கப்பல் மூழ்குகிறது. அவர் உண்மையாகவே நம்பினார் என்பது அவரைக் காப்பாற்றாது, ஏனென்றால் அந்த நம்பிக்கையை அவர் விசாரித்துச் சம்பாதிக்கவில்லை என்கிறார் கிளிஃபர்ட். கப்பல் மூழ்காமல் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருந்தாலும் குற்றத்தில் ஒரு துளியும் குறையாது என்றும் சொல்கிறார். மாட்டிக்கொள்ளாத குற்றவாளி, அவ்வளவுதான்.

'டயர் நல்லாத்தான் இருக்கு' என்று நாம் சொல்வதும் அதே மாதிரி ஒரு நம்பிக்கை. அதை எப்படிச் சம்பாதித்தோம்? பெரும்பாலும் காலால் ஓர் உதை உதைத்து. உதைப்பதால் டயரைப் பற்றித் தெரிய வருவது, அங்கே ஒரு டயர் இருக்கிறது என்பது மட்டும்தான்.

கிளிஃபர்ட்டின் கட்டுரை வந்த அதே 1877-ல்தான் பிரேசில் ரப்பர் மரத்தின் நாற்றுகள் இருபத்திரண்டு சிங்கப்பூர் தாவரவியல் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தன. அதில் சில பேராக்கில் கோலகங்சாருக்குப் போயின. அந்தத் தலைமுறை மரம் ஒன்று இன்னும் அங்கே நிற்கிறது. அதற்குப் பின்னான கதை நமக்குத் தெரியும், நம் தாத்தா பாட்டியின் கதை. தோட்டத்து ஏக்கத்தை எழுதுவதில் எனக்கு ஆர்வம் இல்லை, அதை எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். பால்வெட்டில் இருந்த ஒரு கைக்கணக்கை மட்டும் இங்கே சொல்ல வேண்டும். பால் வெட்டும்போது ஒவ்வொரு முறையும் சீவ வேண்டிய பட்டை ஒன்றரை மில்லிமீட்டர் அளவுதான். ஆழத்திலும் அப்படியே. உள்ளே மரத்தை வளர்க்கும் மெல்லிய படலத்துக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் முன்னால் கத்தி நின்றுவிட வேண்டும். மேலோட்டமாக வெட்டினால் பால் குறையும், ஆழமாக வெட்டினால் மரத்துக்குக் காயம். காயம்பட்ட இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், ஆண்டுகள் கழித்து அங்கே வெட்ட வரும் ஆளுக்கு வேலை கெடும். பாட்டி கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தது, 'மரத்துல காயம் போட்டது யாருன்னு மரமே காட்டிக் குடுத்துரும்' என்பதுதான். விடியற்காலை இருட்டில், நெற்றி விளக்கு வெளிச்சத்தில், ஒரு மில்லிமீட்டருக்குப் பொறுப்பேற்ற ஆட்கள் அவர்கள். அதே ரப்பரில் ஒன்றரை மில்லிமீட்டர் விட்டதா இல்லையா என்று பகல் வெளிச்சத்தில் குனிந்து பார்க்க நமக்கு நேரமில்லை. (இன்றைய கார் டயரின் ரப்பரில் பாதிக்கு மேல் செயற்கை ரப்பர், உண்மைதான். லாரிக்கும் விமானத்துக்கும்தான் இயற்கை ரப்பர் அதிகம் வேண்டும்.)

ஆனாலும் கிளிஃபர்ட்டோடு கடைசிவரை என்னால் போக முடியவில்லை. விளைவு எதுவானாலும் குற்றம் ஒன்றே என்கிறார். 1976-ல் பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் அறத்தில் அதிர்ஷ்டத்தின் பங்கைப் பற்றி எழுதினார்கள். நேகலின் உதாரணத்தில் ஒரு லாரி ஓட்டுநர் வருகிறார். பிரேக்கைச் சமீபத்தில் சோதிக்காமல் விட்டவர், சின்ன அலட்சியம்தான். குழந்தை ஒன்று குறுக்கே ஓடி வராவிட்டால் அந்த அலட்சியத்தை அவரே மறந்திருப்பார். குழந்தை வந்துவிட்டால் வாழ்நாள் முழுக்கச் சுமப்பார். இரண்டு ஓட்டுநர்கள் செய்ததும் அச்சு அசலாக ஒன்றுதான். ஆனால் இருவரையும் நாம் ஒரே மாதிரிப் பார்ப்பதில்லை, அவர்களும் தங்களை ஒரே மாதிரிப் பார்த்துக்கொள்ள முடியாது. இதை முரண் என்று சொல்லித் தள்ளிவிட நேகல் தயாராக இல்லை. எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. நாட்டில் இன்றைக்குத் தேய்ந்த டயரில் ஓடும் கார்களில் மிகப் பெரும்பாலானவை சாயங்காலம் பத்திரமாக வீட்டுக்குப் போய்விடும். அவர்கள் எல்லோரையும் கொலைகாரர்கள் என்று கூப்பிட்டால் சொல்லுக்கே மதிப்பு போய்விடும். குறளில் 'பொச்சாவாமை' என்று ஓர் அதிகாரம் இருக்கிறது, 54-வது. மறதியும் சோர்வும் எப்படி ஆளைக் கெடுக்கும் என்பதற்காகவே பத்துக் குறள். அளவு மீறிய கோபத்தைவிட, எல்லாம் நன்றாகப் போகிறது என்கிற மகிழ்ச்சியில் வரும் அசட்டை மோசமானது என்று அது தொடங்குகிறது. கிளிஃபர்ட்டைவிட வள்ளுவர் இங்கே ஆளைச் சரியாகப் பிடித்துவிட்டார் என்று நினைக்கிறேன். சந்தேகத்தை அமுக்குகிற கள்ளத்தனம் கப்பல் முதலாளிக்கு இருக்கலாம். நமக்கு டயரைப் பற்றிச் சந்தேகமே வருவதில்லை. ஏர்கோண்ட் குளிருது, பாட்டு ஓடுது, கார் போகுது.

இதையெல்லாம் பெரியம்மா மகனிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கு அண்ணன். கிள்ளானில் இருக்கிறார், ஆக்சியாவில் வாடகைக்கு ஓட்டுகிறார். முன்சக்கரம் இரண்டுக்கும் பழைய டயர் வாங்கிப் போட்டிருந்தார், ஒன்று 60 ரிங்கிட். 'பூங்கா நல்லா கெடக்கு பாரு' என்று காட்டினார். நிஜமாகவே ஐந்து மில்லிமீட்டர் இருந்தது. பக்கவாட்டில் தேதியைத் தேடினேன். தெரிந்தவர்களுக்குத் தெரியும், நான்கு இலக்கம், முதல் இரண்டு வாரம், பின் இரண்டு ஆண்டு. பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மட்டும்தான் அடித்திருப்பார்கள், அந்தப் பக்கம் உட்புறமாகப் போய்விட்டால் காருக்கு அடியில் தலையை விட வேண்டும். விட்டேன். 1915. அதாவது 2015-ன் பத்தொன்பதாவது வாரம். பத்து வயது ரப்பர். ரப்பர் தேயாமலேயே கிழடு தட்டும். காற்றும் வெயிலும் பட்டு இறுகும், மெல்லிய வெடிப்பு விடும், ஈரத்தில் பிடி தளரும். பல தயாரிப்பாளர்கள் எவ்வளவு பூங்கா மிச்சமிருந்தாலும் பத்தாண்டோடு கழற்றிவிடச் சொல்கிறார்கள்.

அண்ணன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "தம்பி, நாலு டயரு புதுசா போட்டா எழுநூறு. எனக்கு அது மாச வாடகை. நீ புதுசு போடுறது நல்ல மனசுன்னு நெனச்சுக்காத. ஒங்கிட்ட காசு இருக்கு, அதான் நல்ல மனசு. என்கிட்ட வந்து ரோட்ல போறவனுக்காக யோசின்னா, ரோட்ல போறவன் எனக்காக என்ன யோசிச்சான்? ரெண்டு வெள்ளி கம்மியா எந்த ஆப்புல வருதுன்னு பார்த்துதானே ஏறுறான்?"

இதற்கு உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட்டாக இருக்கும் நாட்டில் நான்கு டயர் என்பது அதில் நாற்பது விழுக்காடு. பிடிப்பை மில்லிமீட்டர் கணக்கில் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது. அப்படியானால் நான் பேசுகிற அறமும் மில்லிமீட்டர் கணக்கில் விற்பனைக்கு இருக்கிறது, வசதியுள்ளவன் எட்டு வாங்குகிறான், இல்லாதவன் மூன்று வாங்குகிறான் என்றாகிவிடும்.

முதலில் எனக்குத் தோன்றிய பதில், காசால் வாங்க வேண்டியது ஒரு பாதிதான், மறுபாதி கவனம், அது இலவசம் என்பது. அதில் உண்மை இருக்கிறது. எண்ணெய் நிலையத்தில் காற்று இன்னும் காசில்லாமல்தான் கிடைக்கிறது. டயர் தானாகவே மாதத்துக்கு ஓரிரு பி.எஸ்.ஐ. இழக்கும். எவ்வளவு வேண்டும் என்பது ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும். கார் கொஞ்ச தூரமே ஓடியிருக்கும்போது, டயர் சூடேறும் முன் பார்க்க வேண்டும். காற்று குறைந்த டயர் ஓரங்களில் தேயும், பக்கச் சுவர் மடங்கி மடங்கிச் சூடாகும், வெடிப்பதற்கு அதுதான் வழி. மழையிலும் காற்றழுத்தம் பேசும். நாசா ஆய்வாளர்கள் விமானச் சக்கரங்களை வைத்து 1960-களில் கண்ட ஒரு தோராயச் சூத்திரம் உண்டு. டயர் நீரின்மேல் மிதக்கத் தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. பள்ளத்தால் ஒதுக்க முடியாத அளவு தண்ணீர் நிற்கும்போதுதான் அது பொருந்தும், கார் டயருக்கு அச்சாகவும் பொருந்தாது. இருந்தாலும் போக்கு தெரியும். 36 பி.எஸ்.ஐ.-ல் மணிக்கு 100 கிலோமீட்டர் என்றால் 25-ல் 83. பதினேழு கிலோமீட்டர் வேகத்தைக் காற்று இலவசமாகத் தருகிறது. புது டயர் போட்டுவிட்டு மூன்று மாதம் காற்றே பார்க்காத ஆட்கள் என் அலுவலகக் கார் நிறுத்துமிடத்தில் வரிசையாக இருக்கிறார்கள். அவர்களைவிட, வாரம் தவறாமல் காற்றுப் பார்க்கும் அண்ணன் மேல்.

ஆனால் இந்தப் பதில் எனக்கு ரொம்ப வசதியாக இருக்கிறது, அதனாலேயே அதை நம்பவில்லை. கவனத்தால் ரப்பரை வளர்க்க முடியாது. 'மழையில் மெதுவாப் போங்கண்ணே' என்பதும் இலவச அறிவுரை இல்லை. மழை நேரத்தில்தான் அவருக்குச் சவாரி அதிகம், கட்டணமும் கூடும். மெதுவாகப் போனால் ஒரு சவாரி போகும். அவருடைய கவனத்துக்கும் ரிங்கிட் கணக்கில் விலை இருக்கிறது, எனக்குத்தான் அது இல்லை. மாதச் சம்பளக்காரன் மெதுவாகப் போனால் வீட்டுக்குப் பத்து நிமிடம் தாமதமாகப் போவான்.

அண்ணனுடைய கேள்வியின் கடைசிப் பகுதிதான் என்னை விடவில்லை. சாலையில் போகிறவன் அவருக்காக என்ன யோசித்தான்? ஆப்பில் கார் பதிவு செய்யும்போது ஓட்டுநரின் நட்சத்திரத்தைப் பார்க்கிறோம், எண் பலகையைப் பார்க்கிறோம், எவ்வளவு என்று பார்க்கிறோம். கார் வந்து நிற்கும்போது டயர் நம் முழங்காலுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. குனிந்து பார்த்து, வேண்டாம் என்று திரும்பியவர் யாராவது உண்டா? அப்படித் திரும்பினால் அந்த ஓட்டுநருக்கு அன்றைய பிழைப்பு கெடும், ஆக அதுவும் சரியில்லை. இரண்டு வெள்ளி குறைவுக்காக நாம் அழுத்திய அழுத்தம் எங்கே போய் இறங்குகிறது என்றால், அந்த நான்கு உள்ளங்கையில். கிளிஃபர்ட்டின் கப்பலில் முதலாளி தனி, பயணிகள் தனி. இங்கே பயணிகளும் சேர்ந்துதான் கப்பலைப் பழுது பார்க்காமல் வைத்திருக்கிறோம்.

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. என் மைவியின் டயர் மூன்று மில்லிமீட்டருக்கு வந்துவிட்டது, மாற்றப் போனேன். அதே 175/65 ஆர்14, ஆக்சியாவுக்குப் போடும் அளவுதான். நான் வைத்திருக்கும் விதி மூன்று. கோட்டுக்குக் காத்திருப்பதில்லை. தவுக்கே நான்கையும் கழற்றி, ஓரமாக அடுக்கி, துணியால் ஒரு துடை துடைத்தார். துடைப்பதைப் பார்த்ததும் புரிந்தது. எங்கே போகும் என்று கேட்டேன். "ஓராங் மாவு லா, போஸ்." ஆள் இருக்காங்க, வாங்கிப்பாங்க.

மூன்று மில்லிமீட்டரில் கழற்றிவிடும் என் நல்லொழுக்கத்தால்தான் மூன்று மில்லிமீட்டர் டயர்ச் சந்தை என்று ஒன்று இருக்கிறது. எனக்கு ஆபத்து என்று நினைத்துக் கழற்றியது இன்னொருவர் காரில் புதுவரவாக ஏறும். என் ஆபத்தை நான் ஒழிக்கவில்லை, அறுபது ரிங்கிட் ஸ்டிக்கர் ஒட்டிப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். சரி, வெட்டிப் போடச் சொல்லலாமா? கேட்டேன். "சாயாங் லா" என்றார். மலாயில் அன்புக்கும் அதுதான் சொல், அநியாயமாக வீணாகிறதே என்பதற்கும் அதுதான் சொல். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. என் நான்கையும் வெட்டிப் போட்டால் அதை வாங்க வேண்டியவர் புதுசு வாங்கப் போவதில்லை. தன் மொட்டை டயரிலேயே இன்னும் இரண்டு மாதம் ஓட்டுவார், அல்லது பூங்கா நிறைய இருக்கும் பத்து வயசு டயரை வாங்குவார். வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்றால், பின்கட்டில் மழைத்தண்ணீர் தேங்கி ஏடிஸ் கொசு வளர்த்ததற்குச் சுகாதார இலாகா அபராதம் போடும். அறம் பேசினால் டெங்கி வரும்.

ஒன்றில் ஆணி ஏறிப் பக்கச் சுவருக்கு ரொம்பக் கிட்டத்தில் ஒட்டுப் போட்டிருந்தது. அதை என் கண் முன்னால் வெட்டச் சொன்னேன், முகத்தைச் சுளித்துக்கொண்டு வெட்டினார். மற்ற மூன்றும் 2021-ல் செய்தவை, பஞ்சிட் ஆனதில்லை, காற்று குறைந்து ஓடியதில்லை. இதை யாரிடம் சொல்வது? பழைய டயர் வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டியது இதுதான், ஆனால் சொல்லி விற்க அங்கே வழி ஏதும் இல்லை. டயரைத் துடைக்கும்போது அதன் வரலாறும் போய்விடுகிறது.

அண்ணனுக்குப் போன் செய்து சும்மா சொன்னேன். "அந்த மூணையும் எனக்கு எடுத்து வையேன்" என்றார் சட்டென்று. எனக்கு ஆகாது என்று கழற்றியதை அண்ணனுக்குத் தருவதா என்று தயங்கினேன். தயக்கத்தைச் சொன்னேன். "யாரோ ஒருத்தனுக்குப் போனா ஒனக்குப் பரவால்ல, எனக்குன்னா யோசிக்கிறியா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். வில்லியம்ஸும் யோசித்த விஷயம் இது, பாசம் இருக்கிற இடத்தில் பொது அறம் எப்படித் திணறும் என்பது. புது டயர் இரண்டு நான் வாங்கித் தருகிறேன் என்றேன். ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, "பாதி நான் போடுறேன், மாசா மாசம் கழிச்சுக்கோ. அந்த மூணுல ரெண்டையும் எடுத்துக்கிறேன், 1915 ரெண்டையும் குப்பையில போடு" என்றார். அவர் பின்சக்கரத்தில் கிடந்தவை கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தன.

ஆக நான்கு: இரண்டு புதுசு, இரண்டு என்னுடைய மூன்று மில்லிமீட்டர். சனிக்கிழமை வந்தார். புதுசை எங்கே போடுவது என்பதில் தகராறு. ஆக்சியாவுக்கு முன்சக்கரத்தில்தான் எஞ்சின் இழுவை, திருப்புவதும் அங்கே, பிரேக்கின் பெரும்பங்கும் அங்கே. எல்லோரும் செய்வது போலப் புதுசு முன்னால்தான் என்றார். டயர் நிறுவனங்களே பின்னால் போடச் சொல்கின்றன என்றேன். முன் டயர் ஈரத்தில் வழுக்கினால் ஸ்டீரிங் லேசாகிக் கைக்குத் தெரியும், காலை எடுத்தால் பெரும்பாலும் திரும்பப் பிடித்துக்கொள்ளும். பின் டயர் வழுக்கினால் கார் சுழன்ற பிறகுதான் தெரியும். தவுக்கே இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு ஜாக்கைக் கையில் வைத்தபடி நின்றார். "ஓட்டுறது நானா நீயா?" என்றார் அண்ணன். பின்சீட்டில் ஏறுகிறவர் யார் என்று கேட்டேன். கடைசியில் புதுசு பின்னால் போனது. இப்போதும் பேசும்போதெல்லாம், மழையில் கிளம்பும்போது முன்சக்கரம் வெறுமனே சுற்றுது என்று குறை சொல்கிறார். சுற்றத்தான் செய்யும். அடுத்த சம்பளத்தில் முன்னால் இரண்டையும் மாற்றிவிடலாம் என்றிருக்கிறேன், அவருடைய கணக்கில் இன்னும் எண்பது ரிங்கிட் பாக்கி இருக்கிறது.